விடுப்பு விண்ணப்பத்தில் எழுதாத காரணம்

நான் பணியாற்றும் மத்ரஸாவில் ஆசிரியர் எவரேனும் நான்கு நாட்களுக்கு மேல் விடுப்பு எடுப்பதாயின், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஓதிக் கொடுத்து வரும் நான் இதுவரை எழுதிய காரணங்கள் மூன்றே: காய்ச்சல், மையித்து, திருமணம். சென்ற சனவரியில் எட்டு நாள் விடுப்புக் கேட்டு எழுதியபோது, 'அந்தமான் தீவில் அடங்கியிருக்கும் அல்லாமா ஃபள்லே ஹக் கைராபாதி (ரஹ்) அவர்களின் கபுறை ஜியாரத் செய்யவும், அது தொடர்பான வரலாற்றுச் செய்திகளைத் திரட்டவும்' என்று எழுதினேன். ஆலிம் பட்டத்தோடு அஞ்சல் வழியில் வரலாற்றில் பி.ஏ.யும் முடித்தவன் என்பதால் நிர்வாகத்தார் ஐயுறவில்லை. "வந்ததும் மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்துங்கள்" என்றார்கள்.

எழுதியது பொய்யன்று. ஆனால், என் மனைவியை அழைத்துக் கொண்டு தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்ற ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை.

விண்ணப்பத்தின் நகலை மேசை மேல் வைத்திருந்தேன். துடைக்க வந்தவள் படித்துவிட்டாள். "என்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்ல வெட்கமா மச்சான்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பயணம் எப்படி அமைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கே.கே. நகரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு ஒன்றில் எங்கள் வாழ்வு. இரண்டு அறைகள், ஒரு கூடம். அவற்றுள் ஓர் அறை பதினோரு ஆண்டுகள் என் தாயாரின் அறையாக இருந்தது. பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுதும் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடந்த அவர்களை என் மனைவிதான் பார்த்துக் கொண்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது அனைத்தும் அவள் கைதான். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே அவள் இரவிலும் அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுத்துக் கொண்டாள். நான் மற்ற அறையில் கிதாபுகளோடு படுத்தேன். சென்ற ஆண்டு தாயார் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பதினோரு ஆண்டுகளில் அவர்கள் முதுகில் ஒரு புண்கூட இல்லை. குளிப்பாட்டிய பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள்.

அதன்பின் அவள் ஓய்ந்து போனாள். வேலை முடிந்த வீட்டில் என்ன செய்வதென்று தெரியாதவளாய்க் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். ஷார்ஜாவில் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த மகன் தொலைபேசியில் இதைக் கேள்விப்பட்டு, "நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போய்ட்டு வாங்க அத்தா, செலவு என்னுடையது" என்றான். நான் உம்ராவைச் சொன்னேன். "இன்ஷா அல்லாஹ், அது அடுத்த வருஷம் நாம எல்லாருமாப் போவோம். இது உம்மாவுக்கு. எங்கே போகணும்னு உம்மாவே சொல்லட்டும்" என்றான்.

அவள் தயங்கவே இல்லை. "போர்ட் பிளேர்" என்றாள்.

எனக்கு வியப்பாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது. அவள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவள். அவளுடைய வாப்பா சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் பண்டாரியாக இருந்தவர். கப்பல் சமையற்காரருக்கு அதுதான் பெயர். மூன்று இரவு கடலில், பிறகு சில நாள் துறைமுகத்தில், மீண்டும் மூன்று இரவு கடலில் என்று இருபது ஆண்டுகள் உழைத்தவர். விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் மகளை அருகில் வைத்துக்கொண்டு அந்த ஊரைப் பற்றியே பேசுவாராம். இத்தனையும் எனக்குத் திருமணப் பேச்சின்போதே சொல்லப்பட்டது. கேட்டுக் கொண்டேன், மறந்தும் போனேன்.

அக்கம்பக்கத்தில் பேச்சு எழாமல் இல்லை. ஹஜ் செய்யாத ஆலிம் மனைவியோடு உல்லாசப் பயணம் போகலாமா என்று தெரு முனையில் ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். கைராபாதியின் பெயரைச் சொல்லி அவரிடமிருந்தும் தப்பினேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது உடன் வரும் மனைவி யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள் என்பதையும், வழியில் படையினரை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்பதையும் நான் எத்தனையோ மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். அன்று அந்தப் பெரியவரிடம் ஒன்றும் வாயில் வரவில்லை.

மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். சன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன். நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத கடலை வழி நெடுகப் பார்த்துக் கொண்டே வந்தாள். "மூணு ராத்திரி போற தூரம்" என்று ஒருமுறை சொன்னாள். போர்ட் பிளேருக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வண்டியோட்டி முதல் தேநீர்க் கடைக்காரர் வரை எல்லோரும் பழைய பெயரையே சொன்னார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இறங்கியதும் காதில் விழுந்தது தமிழ்தான். வங்காளமும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் கலந்த அந்த ஊரில் தமிழுக்குக் குறைவில்லை.

தொழுகை நேரந்தான் முதல் நாளே என்னைத் திணற அடித்தது. அந்தத் தீவு சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் அங்கே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்திக் கொள்கிறான். கடிகாரமோ நாடு முழுவதற்கும் ஒன்று. நண்பகல் பதினொன்றரைக்கெல்லாம் உச்சி சாய்ந்துவிடுகிறது. மாலை ஐந்தேகாலுக்குள் மஃரிப். சென்னையில் அந்நேரம் அஸர் தொழுதுவிட்டுத் தேநீர் குடித்துக் கொண்டிருப்போம். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும்போது நான் விடுதியில் அஸருக்கு ஒளுச் செய்ய எழுந்தேன் என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடும். என் மனைவி நகைத்தாள். அவள் நகைத்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அன்றிரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் இருவரும் ஒரே அறையில் உறங்கினோம். நள்ளிரவு கடந்து இரண்டு மணி இருக்கும். ஏதோ அரவம் கேட்டு விழித்தேன். அவள் கட்டிலின் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உடல்நலம் இல்லையோ என்று பதறினேன். "ஒண்ணுமில்லே, நீங்க தூங்குங்க. மாமியைப் புரட்டிப் போடுற நேரம், தானா முழிப்பு வந்துடுது" என்றாள். நான்கு மணிக்கு மீண்டும் எழுந்தாள். தாயார் வஃபாத்தாகி மாதங்கள் பல ஆகியும், அவள் உடல் இரவுதோறும் அந்தக் கணக்கை விடவில்லை. மற்ற அறையில் நான் உறங்கிக் கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. என் தாயார் உயிரோடிருந்த காலத்திலும் அவள் எழுந்ததை நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் அந்த அறைக்குள் போய், "அம்மா, நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு மத்ரஸாவுக்குப் புறப்படுவதே என் வழக்கம்.

மறுநாள் பிற்பகல் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் புறப்பட்டோம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்றும், அடுத்துள்ள நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் சூட்டினார்கள். அரசுப் படகில் இரண்டரை மணி நேரம். நான் ஹனஃபி, அவள் ஷாஃபிஈ. பயணத்தில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ அவள் மத்ஹபில் இடமுண்டு. என் மத்ஹபில் இல்லை. விடுதியிலேயே இரண்டையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதுவிட்டு அவள் நிம்மதியாகக் கடலைப் பார்த்துக் கொண்டிருக்க, நான் ஆடுகிற படகின் மூலையில் துண்டை விரித்து அஸருக்குத் தக்பீர் கட்டினேன். படகு திரும்பத் திரும்ப நானும் கிப்லாவை நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது. ஸலாம் கொடுத்துவிட்டு வந்து அமர்ந்தவனிடம், "எங்க மத்ஹபு கடல்காரங்களுக்கு ஏத்தது மச்சான்" என்றாள்.

அத்தீவின் அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ராதாநகர்க் கடற்கரையை 2004ஆம் ஆண்டில் 'டைம்' இதழ் ஆசியாவிலேயே மிகச் சிறந்தது என்று குறிப்பிட்டது. மாவு போன்ற வெண்மணல். அதன் விளிம்பு வரை இறங்கி வந்து நிற்கும் நெடுமரக் காடு. கரையோரம் பச்சையாகத் தொடங்கித் தொலைவில் கருநீலமாகும் தண்ணீர். அங்கே குடியிருப்போரில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் வழியினர். கோவிந்தநகர், விஜயநகர், கிருஷ்ணநகர் என்று தங்கள் கிராமங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். தேங்காயும் பாக்கும் வாழையும் வயலுமாக, கடலை மறந்துவிட்டால் தஞ்சைப் பக்கத்து ஊர் என்றே தோன்றும்.

எனக்கு நினைவில் நிற்பது விஜயநகர்க் கரையில் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பிந்திய நேரம். அது கிழக்குப் பார்த்த கரை. ஆளரவம் இல்லை. கடல் உள்வாங்கியிருந்தது, முழங்கால் ஆழத் தண்ணீரில் வெகுதூரம் தரை தெரிந்தது. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள் அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை என்று அன்று சொன்னாள். ஊரில் பெண்கள் மாடியிலிருந்து கடலைப் பார்க்கலாம். கரைக்குப் போவது வழக்கமில்லை. மணமாகிச் சென்னைக்கு வந்த பின் ஒருமுறை மெரினாவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினார்கள். அவள் அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக் கொண்டு கரையில் நின்றாள்.

புர்காவின் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக் கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். கணுக்கால் வரை, பிறகு அரை முழங்கால் வரை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பந்தயம் நினைவுக்கு வந்து, "ஓடிப் பார்ப்போமா?" என்று கேட்டுவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் இப்படியொரு கேள்வி கேட்பேன் என்று நான் எண்ணியதில்லை. "இந்த இடுப்பை வச்சுக்கிட்டா? நடந்தாப் போதும்" என்றாள். அந்த இடுப்பு எப்படி அவ்வாறு ஆனது என்று கேட்க வேண்டிய தேவை எனக்கிருக்கவில்லை. நடந்தோம்.

சோழிபோல வரியோடிய ஒரு சிப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொண்டாள். தன் உம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றாள். சிப்பியோ பவளப் பாறைத் துண்டோ, உயிரற்றதாயினும், தீவிலிருந்து எடுத்துச் செல்லக் கூடாது என்று அறிவிப்புப் பலகை இருந்தது. விமான நிலையத்தில் பைகளைச் சோதித்து எடுத்துவிடுகிறார்கள். படித்துக் காட்டினேன். சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்த இடத்திலேயே போட்டாள். "வாப்பா காலத்திலே இந்தச் சட்டமெல்லாம் இல்லே போலிருக்கு. எங்க வீட்டு அலமாரி நிறையச் சங்கு" என்றாள். நீல் தீவில் ஒரு நாள் தங்கிவிட்டு மீண்டும் போர்ட் பிளேருக்குத் திரும்பினோம்.

விண்ணப்பத்தில் எழுதிய காரணத்துக்கும் நியாயம் செய்ய வேண்டுமல்லவா? சாத்தம் துறையிலிருந்து படகேறி பாம்பூ ஃபிளாட்டில் இறங்கி, விம்பர்லிகஞ்ச் பக்கம் போனோம். 1921ஆம் ஆண்டு மலபாரில் மாப்பிள்ளைமார் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தபோது, பிடிபட்டோரை அடைத்து அனுப்பிய சரக்கு ரயில் பெட்டியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சடைத்து மாண்டதையும், அந்தப் பெட்டி நம் போத்தனூரில்தான் திறக்கப்பட்டது என்பதையும் பலர் அறிவர். தண்டிக்கப்பட்டோரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு, அவர்கள் அங்கேயே குடியேறி நிலம் திருத்த வேண்டும் என்று எண்ணிய அரசு, மனைவி மக்களை வரவழைத்துக் கொள்ள இடமளித்தது. இன்று தென் அந்தமானில் மலப்புரம், மஞ்சேரி, திரூர், காலிகட் என்றெல்லாம் ஊர்கள் இருக்கின்றன. சாலையோரம் கைகாட்டியில் மஞ்சேரி என்று படித்தபோது கேரளத்தில்தான் இருக்கிறோமோ என்று மயக்கமாக இருந்தது.

பள்ளிவாசல் அருகே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். உள்ளே அழைத்து, சாயாவும் பத்திரியும் கொடுத்தார் ஒரு மூதாட்டி. அவருடைய பாட்டி இரண்டு குழந்தைகளோடு கப்பலில் வந்தவராம். அவர் மலையாளத்தில் பேச, என் மனைவி தன் ஊர்த் தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தடையின்றி விளங்கியது. நான் 1921இன் காரணங்கள், தண்டனை விவரங்கள் என்று குறிப்பேட்டைத் திறந்தேன். என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "உங்க பாட்டி திரும்ப ஊருக்குப் போய்த் தன் உம்மாவைப் பார்த்தாங்களா?" மூதாட்டி இல்லையென்று தலையசைத்தார். குறிப்பேட்டில் அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை சவுத் பாயிண்ட் பகுதிக்குப் போனோம். அல்லாமா கைராபாதி அவர்களின் கபுறு அங்கேதான் ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது. அலகாபாத்தில் 1857இல் போராடிய மௌலவி லியாகத் அலி அவர்களும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள்.

கைராபாதி அவர்கள் செல்லுலார் சிறையில் இருந்தார்கள் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அது பிழை. அந்தச் சிறையைக் கட்டத் தொடங்கியதே 1896இல், முடித்தது 1906இல். கைராபாதி அவர்கள் தண்டிக்கப்பட்டது 1859இல். அதற்கு முந்திய ஆண்டு மார்ச் மாதம் இருநூறு கைதிகளோடு வாக்கர் என்ற மருத்துவ அதிகாரி வந்திறங்கிக் காட்டை வெட்டத் தொடங்கிய காலம் அது. மதிற்சுவர் தேவைப்படவில்லை, கடலே சிறைச்சாலை. 1797இல் பிறந்து, தில்லியில் மிர்ஸா காலிபுக்கு நண்பராக இருந்து, மன்திக் கலையில் நாடே போற்றிய பேராசிரியர், அறுபது வயது கடந்தபின் அந்தக் காட்டில் கைதியாக வாழ்ந்தார்கள். பட்ட துன்பங்களை அரபியில் எழுதினார்கள். அந்த எழுத்து ஊருக்கு வந்து சேர்ந்தது முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவி அவர்கள் வழியாக என்பர்.

இந்த இனாயத் அஹ்மத் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களும் அந்தமான் கைதியே. கையில் கிதாபு ஒன்றும் இல்லாத அந்தத் தீவில், நினைவிலிருந்தே அரபி ஸர்ஃபு இலக்கணத்துக்கு 'இல்முஸ் ஸீகா' என்ற நூலை எழுதினார்கள். மத்ரஸாக்களில் இன்றும் அது பாடநூல். நானே ஓதிக் கொடுத்திருக்கிறேன். எங்கே எழுதப்பட்டது என்பதை மாணவர்களிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. விடுதலை பெற்று ஊர் திரும்பியவர்கள் 1863இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, ஜித்தாவுக்கு அருகே கப்பல் மூழ்கி மௌத்தானார்கள்.

குன்றின் மேல் வேறு யாரும் இல்லை. ஸலாம் சொல்லி, யாஸீன் ஓதி, துஆச் செய்தோம். பிறகு என் வாத்தியார்த்தனம் தலைதூக்கிற்று. மர நிழலில் உட்கார்ந்து, கைராபாதி அவர்களின் முடிவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியை விரிவாக எடுத்துரைத்தேன். மகனார் பல இடங்களில் மன்றாடி விடுதலை உத்தரவைப் பெறுகிறார். கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து இறங்குகிறார். எதிரே ஒரு ஜனாஸா வருகிறது, பின்னால் பெருங்கூட்டம். யாருடையது என்று விசாரிக்கிறார். அது 1861ஆம் ஆண்டு. விடுதலைத் தாள் கையில் இருக்க, அவரும் நல்லடக்கத்தில் கலந்து கொள்கிறார். மேடையில் பேசும்போது இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என் வழக்கம். தாழ்த்தினேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுது கொண்டிருந்தாள். என் சொற்பொழிவுதான் உருக்கிவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

"அந்தப் புள்ளையாவது கடல் தாண்டி வந்துச்சு" என்றாள். "எனக்கு ஒரு ராத்திரி ரயில்தான் மச்சான்."

அதன் பொருள் எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எவரும் வாயெடுத்துச் சொல்லாத செய்தி அது. அவளுடைய வாப்பா ஊரில் நோயுற்றுக் கிடந்தார். கடைசி நிலை, மகளைக் கேட்கிறார் என்று செய்தி வந்தது ஒரு திங்கட்கிழமை. அந்த வெள்ளியன்று எங்கள் மத்ரஸாவின் ஆண்டு விழா. என்னிடம் பல பொறுப்புகள். "விழா முடிந்ததும் போகலாம். நீ போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது?" என்று கேட்டேன். கேள்வியாகக் கேட்டாலும் அது கட்டளைதான். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளி ஸுப்ஹுக்குத் தொலைபேசி ஒலித்தது. சென்னையிலிருந்து அவள் ஊருக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். காத்திருக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஜும்ஆவுக்குப் பின் அடக்கிவிட்டார்கள். மறுநாள் போய்ச் சேர்ந்தபோது கபுறின் மேல் தெளித்த தண்ணீர் காய்ந்திருந்தது. நானாவது அந்தக் கபுறைப் பார்த்தேன். பெண்கள் கபுறுஸ்தானுக்குப் போகும் வழக்கம் இல்லாத ஊர். அவள் அதையும் பார்க்கவில்லை.

நான்கு நாட்கள் அம்மாவைப் பார்த்துக் கொள்ள என் தங்கையை வரச் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் குடியிருப்பில் கூலிக்கு ஓர் அம்மையாரை ஏற்பாடு செய்திருக்கலாம். நானே செய்திருக்கலாம். ஆண்டு விழாவுக்கு அந்த ஆண்டு நான் இல்லாவிட்டால் மேடையில் ஒரு நாற்காலி குறைந்திருக்கும். இவையெல்லாம் அந்தக் குன்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. மனைவியின் உரிமைகள் என்ற பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். அதில் கணவனுடைய தாய்க்குப் பணிவிடை செய்வது மனைவி மீது கடமையில்லை, அவளாக மனமுவந்து செய்தால் அது அவளுடைய பெருந்தன்மை என்பதும் வருகிறது. அதைக் குரல் தாழ்த்தாமல் வேகமாகக் கடந்து போவேன்.

"என்னைப் பொருந்திக்கொள்" என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

அவள் நெடுநேரம் கடலைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "மாமி கடைசியிலே இடக்கையாலே என் கையைப் புடிச்சுக்கிட்டுப் பொருத்தம் கேட்டாங்க. அவங்களுக்குக் கொடுத்துட்டேன். உங்களுக்கு யோசிக்கணும் மச்சான்" என்றாள். சிரித்தாளா என்று முகத்திரையில் தெரியவில்லை.

அன்று பிற்பகல் செல்லுலார் சிறையைப் பார்த்தோம். ஏழு கைகளில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. ஒரு கையின் அறைக் கதவுகள் அடுத்த கையின் முதுகைப் பார்க்கும்படி, ஒரு கைதியின் முகத்தை மற்றொரு கைதி காணாதபடி கட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருந்தது. பேசவில்லை. அவள் ஹேடோ துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்றாள். சென்னைக் கப்பல்கள் அணையும் துறை அது. உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சாலை மேட்டிலிருந்தே பார்த்தோம். பெரிய கப்பல் ஒன்று நின்று கொண்டிருந்தது. சமையல் அறை எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. புகை தெரிகிற பக்கத்தை அவளாகவே முடிவு செய்துகொண்டு மஃரிப் வரை பார்த்துக் கொண்டிருந்தாள்.

புறப்படும் நாள் அபர்தீன் கடைத்தெருவில் இரண்டு கிலோ கொட்டைப்பாக்கு வாங்கினாள். பாக்கு அந்தத் தீவுகளின் முக்கிய விளைச்சல். சிப்பிக்கு உள்ள தடை இதற்கு இல்லை. சென்னையில் கிடைக்காத பாக்கா என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக் கொண்டேன்.

ஊர் திரும்பிய பின் மத்ரஸாவில் சொற்பொழிவு நடந்தது. கைராபாதி, இனாயத் அஹ்மத், மாப்பிள்ளைமார் எல்லோரையும் பற்றிப் பேசினேன். தொடக்கத்தில், இந்தப் பயணம் என் மனைவிக்காக மேற்கொண்டது என்றும், விண்ணப்பத்தில் அதை எழுதாமல் விட்டேன் என்றும் சொன்னேன். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். நிர்வாகி ஒருவர் செருமினார்.

அடுத்த வாரம் எழும்பூரில் இராமேசுவரம் செல்லும் இரவு ரயிலில் ஏறினோம். அந்த வாரம் மத்ரஸாவில் தேர்வு. இம்முறை விண்ணப்பத்தில், 'மனைவியின் தாயார் இல்லம் செல்ல' என்று எழுதியிருந்தேன். மறுநாள் அஸருக்குப் பின், ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே பேசி வைத்திருந்தபடி, அவளைக் கபுறுஸ்தானின் வாயில் வரை அழைத்துச் சென்றேன். வேப்பமரத்தின் கீழ் மூன்றாவது என்று கை காட்டினேன். அங்கே நின்றபடியே ஸலாம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து பாக்கைத் தன் உம்மாவின் மடியில் கொட்டினாள். எண்பது வயதை நெருங்கும் அந்த அம்மையாருக்குப் பல் இல்லை. ஒரு பாக்கை எடுத்து மோந்து பார்த்தார்கள். நறுக்கச் சொல்லி, வெற்றிலையோடு சிறு உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினார்கள். "வாப்பா கொண்டாற பாக்குத்தானே இது?" என்று கேட்டார்கள். அவள் ஆமென்றாள். உரலை என் மனைவி வாங்கிக் கொண்டாள்; இடித்து முடித்து, முதல் விள்ளலைத் தன் உம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதை என்னிடம் நீட்டினாள்.